பனித்தரையில் நீதி வழங்கியோரும் அவர்களுக்குரிய கௌரவமும்

விளையாட்டுப் போட்டி ஒன்று முடிவடைந்ததும் வெற்றியீட்டிய அணியின் பெயரும் அந்த வெற்றிக்கு வழிவகுத்த வீரரின் பெயரும் மறுநாள் பத்திரிகைகளில் இடம்பெறுகின்றன. போட்டியை நடத்திய மத்தியஸ்தரின் பெயர் அபூர்வமாகவே வெளிவருகின்றது. அவ்வாறு வெளிவந்தாலும், அவர் தவறிழைத்துவிட்டார் என்ற குற்றச்சாட்டுடனேயே பெரும்பாலும் வெளிவருகின்றது. மைதானத்தை ஒழுங்கு செய்தவர், சிறுவர்களுக்கு ஊதியமின்றிப் பயிற்சியளித்தவர், சங்கத்தின் கணக்கேட்டை ஆண்டாண்டு காலமாக எழுதிவந்தவர் ஆகியோர் அந்த அளவுக்கேனும் நினைவுகூரப்படுவதில்லை. இவர்களை எவ்வாறு கௌரவிப்பது, எப்போது கௌரவிப்பது, யார் தீர்மானிப்பது என்ற வினாக்களுக்கு முகங்கொடுத்து, முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக விடைதேடி வந்துள்ள விளையாட்டு ஒன்று உள்ளது. பனித்தரையில் ஆடப்படும் ஐஸ் ஹொக்கியே அதுவாகும்.

ஹொக்கி என்றதும் எமது வாசகர்களின் மனக்கண்ணில் தோன்றுவது புற்றரையில் ஆடப்படும் ஹொக்கியாகும். ஐஸ் ஹொக்கி அதிலிருந்து பெரிதும் வேறுபட்டது. வட அமெரிக்காவில் ஏறத்தாழ 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்ட பனித்தரையில், அடியில் உலோகத் தகடு பொருத்திய சப்பாத்துகளை அணிந்து, ஒரு நேரத்தில் அணிக்கு ஆறு பேர் வீதம் ஆடுகின்றனர். பந்துக்குப் பதிலாக 'பக்' எனப்படும் கடினமான இறப்பர் வட்டு பயன்படுத்தப்படுகின்றது. மூன்று அங்குல விட்டமும் ஒரு அங்குலத் தடிப்பும் கொண்ட அந்த வட்டின் நிறை 156 முதல் 170 கிராம் வரையிலானதாகும். தலா இருபது நிமிடங்களைக் கொண்ட மூன்று பகுதிகளாக ஆட்டம் நடைபெறுகின்றது. உடலால் மோதுவதை விதிகளே ஓர் எல்லைக்குட்பட்டு அனுமதிக்கின்றமை இதன் விசேட அம்சமாகும்.

அந்த எல்லை எது என்பதைக் கணப்பொழுதில் தீர்மானிக்க வேண்டியவர் மத்தியஸ்தராவார். கிரிக்கெட் நடுவரைப் போன்று அவர் ஓரிடத்தில் நின்று தீர்ப்பு வழங்க முடியாது. வீரர்களின் நடுவே, அவர்களின் வேகத்துக்கு ஈடாகத் தாமும் சறுக்கிச் செல்ல வேண்டும். பறந்துவரும் வட்டும் தடியும் அவர் மீதும் படக்கூடும். கறுப்பு வெள்ளைக் கோடிட்ட மேலாடையும், பிரதான மத்தியஸ்தராயின் கையில் செம்மஞ்சள் பட்டியும் அவரது அடையாளங்களாகும். தண்டங்களை விதிப்பது பிரதான மத்தியஸ்தரின் பொறுப்பாகும். எல்லைக்கோடுகள் தொடர்பான முடிவுகள் கோட்டு நடுவர்களின் பொறுப்பாகும். உயர்மட்டப் போட்டிகளில் நால்வர் இப்பணியில் ஈடுபடுகின்றனர். சிறுவர் போட்டிகளிலோ இருவர் அல்லது மூவரே எல்லாவற்றையும் கவனிக்க நேரிடுகின்றது.

அமெச்சூர் ஆட்டத்தில் எழுந்த அத்திபாரம்

இன்று ஐஸ் ஹொக்கி என்றால் கோடிக்கணக்கான டொலர்கள் புரளும் தொழில்முறை ஆட்டமே முன்னிற்கின்றது. ஆயினும் அதன் அத்திபாரம் ஊதியம் பெறாதவர்களால் இடப்பட்டதாகும். கனடாவின் மகாதேசாதிபதியாகவிருந்த ஸ்டான்லி பிரபு 1892 ஆம் ஆண்டு அறிவித்து, 1893 இல் முதன்முதலாக வழங்கப்பட்ட ஸ்டான்லி கிண்ணம், ஆரம்பத்தில் அமெச்சூர் அணிகளுக்கு உரியதாகவே இருந்தது. காலப்போக்கில் அது தொழில்முறை அணிகளின் கைக்குச் சென்றபோது, அமெச்சூர் அணிகளுக்கெனத் தனியாக ஒரு கிண்ணத்தை மொன்றியல் நகரின் செல்வந்தரான சேர் மொன்டேகு அலன் 1908 இல் அன்பளிப்புச் செய்தார். அதுவே அலன் கிண்ணமாகும்.

கிண்ணங்களை வழங்கியவர்களின் பெயர்கள் அந்தக் கிண்ணங்களுடனேயே நிலைத்துவிட்டன. அவற்றுக்காக ஆடுவதற்கு வீரர்களை உருவாக்கியவர்களின் கதை வேறு. ஒன்டாரியோ ஹொக்கிச் சங்கம் 1890 இலும், கனேடிய அமெச்சூர் ஹொக்கிச் சங்கம் 1914 இலும் தோற்றம் பெற்றன. ஆசிரியர்கள், சட்டத்தரணிகள், வணிகர்கள், பத்திரிகையாளர்கள் எனப் பல்துறை சார்ந்தோர் தமது ஓய்வு நேரத்தை அர்ப்பணித்து இவற்றை வளர்த்தெடுத்தனர்.

அத்தகையோருள் கிங்ஸ்டன் நகரைச் சேர்ந்த கப்டன் ஜேம்ஸ் சதர்லண்ட் முதன்மையானவர். இவ்விரு சங்கங்களுக்கும் தலைமை தாங்கிய அவர், முதலாம் உலக மகா யுத்தத்தில் உயிர்நீத்த இளைஞர்களின் நினைவாக இளையோருக்கான கிண்ணம் ஒன்று நிறுவப்பட வேண்டுமென முன்மொழிந்தார். 1919 ஆம் ஆண்டிலிருந்து வழங்கப்பட்டு வரும் நினைவுக் கிண்ணம் அதன் பயனாகும். கிண்ணத்துக்குத் தமது பெயரைச் சூட்டிக்கொள்ளாது, திரும்பி வராத இளைஞர்களின் நினைவைச் சூட்டிய அந்தச் செயலை நாம் விசேடமாகக் குறிப்பிட விரும்புகின்றோம்.

டொரண்டோ நகரில் 1911 ஆம் ஆண்டு, பதின்ம வயதைக் கடந்திராத பிராங்க் ஸ்மித் என்ற இளைஞர், ஐந்து அணிகளையும் 99 வீரர்களையும் கொண்டு சிறுவர்களுக்கான ஒரு லீக்கை ஆரம்பித்தார். அதன் செயலாளர் பொறுப்பை அவர் 1962 வரை, அதாவது அரை நூற்றாண்டு காலம் வகித்தார். அந்தச் சிறிய அமைப்பே இன்று பெரும் டொரண்டோ ஹொக்கி லீக் என்ற பெயரில் உலகின் மிகப் பெரிய சிறுவர் ஹொக்கி அமைப்புகளில் ஒன்றாகத் திகழ்கின்றது. இலங்கையிலிருந்து புலம்பெயர்ந்த தமிழர் பெருந்தொகையாக வாழ்வது அதே டொரண்டோ மாநகரப் பிராந்தியத்திலாகும். அங்குள்ள பனியரங்குகள் எம்மவரின் பிள்ளைகளுக்கும் அந்நியமானவை அல்ல. அவற்றின் பின்னால் ஸ்மித் போன்றோரின் உழைப்பு உள்ளது என்பதை அறிந்தவர் சிலரே.

புகழ் மண்டபத்தின் தோற்றம்

இத்தகையோரை நிரந்தரமாக நினைவுகூர வேண்டுமென்ற எண்ணத்திலிருந்து 1943 இல் ஹொக்கிப் புகழ் மண்டபம் என்ற நிறுவனம் உருவானது. இதற்காக அயராது பாடுபட்டவரும் முன்னர் குறிப்பிட்ட சதர்லண்டேயாவார். தமது சொந்த நகரான கிங்ஸ்டனில் அது அமைய வேண்டுமென அவர் விரும்பினார். முதலாவது தொகுதியினர் 1945 இல் தெரிவு செய்யப்பட்டபோதிலும் கட்டடம் எழும்பவில்லை. அவர் 1955 இல் காலமானார். ஈற்றில் 1961 ஆம் ஆண்டு டொரண்டோவிலேயே மண்டபம் திறந்து வைக்கப்பட்டது. 1993 இல் அது அந்நகரின் மத்தியிலுள்ள பழைய வங்கிக் கட்டடம் ஒன்றுக்கு இடம்மாறியது.

இம்மண்டபத்தில் இடம்பெறுவோர் மூன்று பிரிவினராக வகுக்கப்பட்டுள்ளனர். வீரர்கள் ஒரு பிரிவினர். விளையாட்டைக் கட்டியெழுப்பியோர் இன்னொரு பிரிவினர். நிர்வாகிகள், பயிற்றுநர்கள், அமெச்சூர் சங்கங்களின் பணியாளர்கள் இப்பிரிவில் அடங்குவர். மத்தியஸ்தர்களும் கோட்டு நடுவர்களும் மூன்றாவது பிரிவினர். பதினெட்டுப் பேரைக் கொண்ட தெரிவுக்குழுவில் நான்கில் மூன்று பங்கினரின் ஆதரவைப் பெற்றாலன்றி எவரும் உள்நுழைய முடியாது.

மத்தியஸ்தர்களுக்கான பிரிவு 1961 இலேயே ஏற்படுத்தப்பட்டது. சோசர் எலியட், மிக்கி அயன், கூப்பர் ஸ்மீட்டன் ஆகிய மூவரும் அதில் முதலில் இடம்பிடித்தனர். இவர்களுள் எலியட், ஒன்டாரியோவின் அமெச்சூர் போட்டிகளில் சுமார் பத்தாண்டுகள் மத்தியஸ்தம் வகித்து, 1913 இல் இளம் வயதிலேயே நோயுற்று மறைந்தவர். அவருக்கான கௌரவம் கிட்டியபோது அவர் மறைந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கடந்திருந்தது. 1961 முதல் 2014 வரை இப்பிரிவில் சேர்க்கப்பட்டோரின் தொகை பதினாறு மட்டுமேயாகும். வீரர்களோ ஏறத்தாழ முந்நூறு பேர். ஒரு விளையாட்டு தன்னை நடத்துவோருக்கு அளிக்கும் இடத்தை அளந்தறிய இவ்விரு எண்களும் போதுமானவையாகும்.

விதிகளை வடித்தெடுத்த நடுவர்கள்

மத்தியஸ்தர் என்பவர் எழுதிவைத்த விதிகளை ஒப்புவிப்பவர் மாத்திரமல்லர். விதி மௌனம் சாதிக்கும் இடங்களில் அவரது தீர்ப்பே புதிய விதியாகப் பரிணமிக்கின்றது. இதற்கு பிரெட் வகோர்ன் என்பவரின் வாழ்க்கை சிறந்த சான்றாகும். 1866 இல் இங்கிலாந்தில் பிறந்து கனடாவில் குடியேறிய அவர், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஹொக்கிப் போட்டிகளில் மத்தியஸ்தம் வகித்தவர். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை அமெச்சூர் போட்டிகளாகும்.

அக்காலத்தில் ஆட்டத்தைத் தொடங்கும்போது மத்தியஸ்தர் வட்டைக் குனிந்து தரையில் வைத்து, இரு வீரர்களின் தடிகளையும் ஒழுங்குபடுத்திவிட்டு விலக வேண்டியிருந்தது. பொறுமையற்ற வீரர்களின் தடிகள் அவரது கைகளையும் கால்களையும் பதம் பார்ப்பது வழக்கமாக இருந்தது. வகோர்ன் சில அடி தூரத்தில் நிமிர்ந்து நின்று வட்டைத் தரையில் விழவிட்டார். இன்று உலகெங்கும் ஒவ்வொரு ஆட்டமும் அவ்விதமே ஆரம்பமாகின்றது. கைமணிக்குப் பதிலாக விசில் பயன்படுத்தப்பட்டதற்கும் அவரே காரணமென்று கூறப்படுகின்றது.

அவர் வழங்கிய தீர்ப்புகளுள் ஒன்று இன்றும் சுவையாகப் பேசப்படுகின்றது. ஆரம்ப காலத்தில் வட்டு இரு பகுதிகளை ஒட்டித் தயாரிக்கப்பட்டது. ஒரு போட்டியில் வட்டு கோல் கம்பத்தில் பட்டு இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி கோலுக்குள் புகுந்தது. மறுபாதி வெளியே விழுந்தது. கோல் என ஓர் அணியும் இல்லையென மறு அணியும் வாதிட்டன. வட்டுக்கு இன்ன அளவு இருக்க வேண்டுமென விதி கூறுவதை வகோர்ன் சுட்டிக்காட்டினார். உள்ளே சென்றது அந்த அளவுடையதல்ல, ஆகவே அது வட்டே அல்ல, எனவே கோலும் இல்லை என்று அவர் தீர்ப்பளித்தார். ஒரே துண்டாக வார்க்கப்பட்ட வட்டுகள் வழக்கத்துக்கு வருவதற்கு இச்சம்பவமும் தூண்டுதலாக அமைந்தது. வகோர்ன் 1956 இல் காலமாகி ஐந்தாண்டுகளின் பின்னர், 1961 இல், விளையாட்டைக் கட்டியெழுப்பியோருள் ஒருவராகப் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்.

எமது துறையைச் சேர்ந்த ஒருவரும் இவ்வரிசையில் உள்ளார். டொரண்டோவின் நாளேடு ஒன்றில் நீண்ட காலம் விளையாட்டுப் பகுதி ஆசிரியராகப் பணியாற்றிய டபிள்யூ. ஏ. ஹியூவிட், 1903 இல் ஒன்டாரியோ ஹொக்கிச் சங்கத்தின் செயலாளர் பதவியை ஏற்று அரை நூற்றாண்டுக்கும் மேலாக அப்பொறுப்பில் இருந்தவர். 1920 ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் அன்ட்வேர்ப் நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் விழாவிலேயே ஐஸ் ஹொக்கி முதன்முதலாக இடம்பெற்றது. அவ்விழாவின் முதலாவது ஹொக்கிப் போட்டியில் மத்தியஸ்தராகக் கடமையாற்றியவர் ஹியூவிட்டேயாவார். பேனா பிடித்த கை விசிலையும் பிடித்தது என்பதில் பத்திரிகையாளர்களாகிய நாம் பெருமை கொள்வது தவறாகாது.

மத்தியஸ்தரைக் குருடர் என்று ஏசுவது ரசிகர்களின் பழைய வழக்கம். அந்த ஏச்சு பாதி உண்மையாகவே இருந்த ஒருவர், இவ்விளையாட்டின் மிகச் சிறந்த மத்தியஸ்தர்களுள் ஒருவராக விளங்கினார். நியூயோர்க்கைச் சேர்ந்த பில் சாட்விக் இளவயதில் அமெச்சூர் வீரராக ஆடுகையில் வட்டு தாக்கியதால் வலது கண்ணின் பார்வையை இழந்தார். பின்னர் விசிலைக் கையில் எடுத்த அவர், 1939 இல் தேசிய ஹொக்கி லீக்கில் கோட்டு நடுவராக இணைந்து, விரைவில் பிரதான மத்தியஸ்தராக உயர்ந்து, 1955 வரை கடமையாற்றினார். அரங்கின் ஆரவாரத்தில் தமது குரல் எடுபடாமையால், தடியால் தடுத்தமைக்கு ஒரு சைகை, பிடித்து இழுத்தமைக்கு இன்னொரு சைகை என அவர் கைச்சைகைகளை உருவாக்கிக் கொண்டார். அவர் ஓய்வு பெற்ற மறு ஆண்டான 1956 இல் அச்சைகைகளை லீக் உத்தியோகபூர்வமாக ஏற்றுக்கொண்டது. அவர் 1964 இல் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்.

ரெட் ஸ்டோரி என்பவரின் அனுபவம் கசப்பானது. 1959 ஆம் ஆண்டு சிக்காகோவில் நடைபெற்ற முக்கிய போட்டி ஒன்றில் அவர் தண்டம் விதிக்கத் தவறினார் எனச் சினமுற்ற ரசிகர்கள் பனித்தரையில் இறங்கி அவரைத் தாக்க முற்பட்டனர். ரசிகர்களின் கோபத்தை அவர் தாங்கிக்கொண்டார். தம்மைப் பாதுகாக்க வேண்டிய லீக்கின் தலைவரே தமது தீர்ப்பைப் பகிரங்கமாகக் குறைகூறியதாகப் பத்திரிகைகளில் செய்தி வெளிவந்தபோதோ அவர் பதவியைத் துறந்தார். அதன் பின்னர் அந்த லீக்கில் அவர் ஒருபோதும் விசில் ஊதவில்லை. எட்டு ஆண்டுகளின் பின்னர், 1967 இல், புகழ் மண்டபம் அவரை வரவேற்றது. கௌரவம் வந்து சேர்ந்தது உண்மையே. ஆனால் இழந்த ஆண்டுகளை எந்தக் கௌரவமும் மீட்டுத் தருவதில்லை.

சர்வதேச அரங்கில்

சர்வதேச ஐஸ் ஹொக்கிச் சம்மேளனம் 1908 ஆம் ஆண்டு மே மாதம் பாரிஸ் நகரில் பிரான்ஸைச் சேர்ந்த லூயி மக்னஸின் முன்முயற்சியால் ஸ்தாபிக்கப்பட்டது. அதன் தலைவராக 1922 முதல் 1947 வரை இருபத்தைந்து ஆண்டுகள் பணியாற்றியவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த சட்டத்தரணி போல் லொயிக் ஆவார். 1920 ஒலிம்பிக்கில் தமது நாட்டுக்காக ஆடிய வீரரும் அவரே. சம்மேளனம் தனக்கென ஒரு புகழ் மண்டபத்தை 1997 இல் ஏற்படுத்தியது. மறு ஆண்டு, போல் லொயிக்கின் பெயரில் ஒரு விருதையும் நிறுவியது. சர்வதேச ஹொக்கிக்கு அளப்பரிய சேவையாற்றியோருக்கு அது வழங்கப்படுகின்றது. அணிகளின் வைத்தியர்களுக்கும் அது கிடைத்துள்ளது. 1972 இல் கனடாவும் சோவியத் யூனியனும் மோதிய புகழ்பெற்ற தொடரில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிய அகி குகுலோவிச்சுக்கும் அது கிடைத்துள்ளது. பனிப்போர் உச்சத்திலிருந்த நாட்களில் இரு தரப்பினரையும் பேசவைத்தவரின் பணி, கோல் போட்டவரின் பணிக்கு எவ்விதத்திலும் குறைந்ததல்ல என்பதை அவ்விருது உணர்த்துகின்றது.

அதே தொடரின் இறுதிப் போட்டி மொஸ்கோவில் நடைபெற்றபோது, மத்தியஸ்தர்களுள் ஒருவராகக் கடமையாற்றியவர் மேற்கு ஜேர்மனியின் ஜோசப் கொம்பாலா. அவரது தீர்ப்பினால் வெகுண்ட கனேடிய வீரர் ஒருவர், அவரைத் தாக்குவது போன்று தடியை ஓங்கியமைக்காக வெளியேற்றப்பட்டார். அதன் பின்னர் கொம்பாலா என்ற பெயர் கனடாவில் பல்லாண்டுகள் வெறுப்புடனேயே உச்சரிக்கப்பட்டது. ஆயினும் சர்வதேச சம்மேளனம் 2003 இல் அவரைத் தனது புகழ் மண்டபத்தில் சேர்த்துக்கொண்டது. ஒரு நாட்டின் சினத்தைக் கொண்டு ஒரு மனிதரின் முழு வாழ்நாள் பணியை எடைபோட முடியாது என்பதே அதன் பொருளாகும்.

கத்தோலிக்கக் குருவான டேவிட் பவர் அடிகளாரின் வரலாறும் குறிப்பிடத்தக்கது. தொழில்முறை வீரர்கள் ஒலிம்பிக்கில் பங்குபற்ற முடியாதிருந்த காலத்தில், பல்கலைக்கழக மாணவர்களைத் திரட்டி கனடாவுக்கான தேசிய அமெச்சூர் அணியை உருவாக்கியவர் அவர். 1964 இல் இன்ஸ்புரூக் நகரில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக்கில் சுவீடன் வீரர் ஒருவரின் தடி அவரது தலையைத் தாக்கிக் குருதி வழிந்தது. பழிவாங்கத் துடித்த தமது வீரர்களை அவர் தடுத்து நிறுத்தினார். தம்மைக் காயப்படுத்திய வீரரைப் பின்னர் தமது விருந்தினராக அழைத்து அருகில் அமர்த்திக்கொண்டார். அந்தப் பெருந்தன்மைக்காக அவருக்கு விசேட தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது. அவரது அணியோ நான்காம் இடத்தையே பெற்று வெறுங்கையுடன் திரும்பியது. 1988 இல் மறைந்த அவர், மறு ஆண்டு டொரண்டோ புகழ் மண்டபத்திலும், 1997 இல் சர்வதேச மண்டபத்திலும் இடம்பெற்றார்.

ஐக்கிய அமெரிக்காவிலும் இதையொத்த ஏற்பாடுகள் உள்ளன. அமெரிக்க அமெச்சூர் ஹொக்கிச் சங்கம் 1937 இல் தோமஸ் லொக்ஹார்ட்டின் முயற்சியால் உருவானது. 1991 இல் அதன் பெயர் யூஎஸ்ஏ ஹொக்கி என மாற்றப்பட்டது. அந்நாட்டில் ஹொக்கிக்குச் சேவையாற்றியோருக்கான லெஸ்டர் பட்ரிக் விருது 1966 இல் நிறுவப்பட்டது. மின்னசோட்டா மாநிலத்தின் சுரங்க நகரான ஈவ்லத்தில் அமெரிக்கப் புகழ் மண்டபம் 1973 இல் திறக்கப்பட்டது. அடிமட்டத்தில் நீண்டகாலம் பணிபுரிந்த தொண்டர்களுக்கென தயர் டட் என்பவரின் பெயரில் தனியொரு விருதும் உண்டு.

தாமதமாக வந்தவையும் தவறாகச் சென்றவையும்

கௌரவங்களின் வரலாறு எப்போதும் நீதியின் வரலாறாக இருந்ததில்லை. ஜமைக்காவிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்த ஹேர்ப் கார்னகி, 1940 களில் கனடாவின் திறமைமிக்க வீரர்களுள் ஒருவராக விளங்கியவர். அவரது நிறம் காரணமாகவே தேசிய ஹொக்கி லீக்கின் கதவு அவருக்குத் திறக்கப்படவில்லை என்பது பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மையாகும். மனமுடைந்து ஒதுங்கிவிடாது, 1950 களின் நடுப்பகுதியில் அவர் சிறுவர்களுக்கான ஹொக்கிப் பாடசாலை ஒன்றை ஆரம்பித்து, ஆட்டத்துடன் ஒழுக்கத்தையும் போதித்தார். 2012 இல் அவர் காலமாகிப் பத்தாண்டுகள் கழிந்த பின்னரே, 2022 இல், அவர் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். அந்த லீக்கில் ஆடிய முதலாவது கறுப்பின வீரரான வில்லி ஓரீ, சாட்விக்கைப் போன்றே ஒரு கண்ணில் பார்வை இழந்தவர். 1958 ஜனவரியில் பொஸ்டன் அணிக்காகக் களமிறங்கிய அவர், பிற்காலத்தில் நகரங்கள் தோறும் சென்று வறிய சிறுவர்களைப் பனித்தரைக்கு அழைத்து வந்தார். அவருக்கான இடம் அறுபது ஆண்டுகளின் பின்னர், 2018 இல், வழங்கப்பட்டது. அதே ஆண்டில் சமூகத் தொண்டர்களுக்கான விருது ஒன்றும் அவரது பெயரில் ஏற்படுத்தப்பட்டது.

பெண்களின் நிலையும் அவ்வாறானதே. ஒன்டாரியோவின் பிரான் ரைடர் 1987 இல் மகளிருக்கான உலகப் போட்டியொன்றை ஒழுங்கு செய்தவர்களுள் முதன்மையானவர். சர்வதேச சம்மேளனத்தின் முதலாவது மகளிர் உலகக் கிண்ணப் போட்டி 1990 இல் ஒட்டாவாவில் நடைபெறவும், 1998 இல் நகானோ ஒலிம்பிக்கில் மகளிர் ஹொக்கி இடம்பெறவும் அதுவே வழிதிறந்தது. அவர் சர்வதேசப் புகழ் மண்டபத்தில் 2015 இல் சேர்க்கப்பட்டார். டொரண்டோ மண்டபத்தில் பெண் வீராங்கனைகள் முதன்முதலாக நுழைந்தது 2010 இலாகும்.

தாமதித்த கௌரவம் ஒரு குறை என்றால், தகுதியற்றவருக்குக் கிட்டிய கௌரவம் வேறொரு குறையாகும். வீரர்கள் சங்கத்தின் நிறைவேற்றுப் பணிப்பாளராகவிருந்த சட்டத்தரணி அலன் ஈகிள்சன், 1972 தொடரை ஒழுங்கு செய்தவர்களுள் முக்கியமானவர். 1989 இல் அவர் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். 1998 இல் மோசடிக் குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டு சிறைத்தண்டனை பெற்றார். அவர் நீக்கப்படாவிடின் தாம் வெளியேறப் போவதாக மண்டபத்தில் இடம்பெற்றிருந்த முன்னாள் வீரர்கள் பலர் எச்சரித்ததைத் தொடர்ந்து, அவர் தாமாகவே விலகினார். கௌரவிப்பு என்பது கேள்வி கேட்பதை நிறுத்துவதற்கான காரணமாகிவிடக் கூடாது என்பதை இச்சம்பவம் உணர்த்தியது. பாலியல் குற்றச்சாட்டுகளைக் கையாண்ட விதம் தொடர்பான கடும் கண்டனத்தினால் 2022 ஒக்டோபரில் ஹொக்கி கனடா அமைப்பின் பணிப்பாளர் சபை முழுவதும் பதவி விலக நேர்ந்தமையும் அதே பாடத்தையே மீண்டும் புகட்டியது.

விசிலைக் கீழே வைக்கும் இளைஞர்கள்

இவை யாவும் பழங்கதைகள் என வாசகர்கள் எண்ணலாம். ஆனால் இதன் பின்னால் இன்றைய நெருக்கடி ஒன்று உள்ளது. அமெச்சூர் போட்டிகளில் மத்தியஸ்தம் வகிக்க முன்வருவோர் போதாமல் இருப்பதாக வட அமெரிக்காவின் ஹொக்கிச் சங்கங்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகின்றன. அங்கு சிறுவர் போட்டிகளில் விசில் ஊதுவோரில் பலர் தாமும் பாடசாலை மாணவர்களே. பதினான்கு, பதினைந்து வயதில் ஆர்வத்துடன் இப்பணியில் இணையும் அவர்களை, வேலிக்கு அப்பால் நிற்கும் பெற்றோரும் பயிற்றுநர்களும் வாயில் வந்தபடி ஏசுகின்றனர். தமது பிள்ளைக்கு எதிராக விதிக்கப்பட்ட இரண்டு நிமிடத் தண்டத்துக்காக இன்னொருவரின் பிள்ளையை அழவைக்க அவர்கள் தயங்குவதில்லை. விளைவாக, ஓரிரு பருவங்களிலேயே விசிலைக் கீழே வைத்துவிட்டு விலகுவோர் பலர்.

இதற்குப் பரிகாரமாக கனடாவின் சில மாகாணங்களில் பதினெட்டு வயதுக்குட்பட்ட மத்தியஸ்தர்கள் பச்சை நிறப் பட்டியைக் கையில் அணிகின்றனர். இவர் இன்னும் சிறு பிள்ளை, இவருடன் பேசும்போது நாவை அடக்குக என்று பார்வையாளருக்கு நினைவூட்டுவதே அதன் நோக்கமாகும். நற்பயன் தரக்கூடிய ஏற்பாடுதான். ஆயினும் வளர்ந்தோருக்கு இதனை நினைவூட்ட ஒரு துணித்துண்டு தேவைப்படுகின்றது என்பது வெட்கத்துக்குரிய விடயமே. பச்சைப் பட்டியைக் கழற்றும் வயதை அடைந்தவரை ஏசலாம் என்று எவரும் பொருள்கொள்ளவும் கூடாது.

மறுபுறத்தில் நம்பிக்கை தரும் மாற்றங்களும் இல்லாமலில்லை. வட அமெரிக்காவின் இரண்டாம் நிலைத் தொழில்முறை லீக்கான அமெரிக்க ஹொக்கி லீக், 2021 இல் பத்துப் பெண்களை மத்தியஸ்தர்களாகவும் கோட்டு நடுவர்களாகவும் நியமித்தது. அவர்கள் யாவரும் அமெச்சூர் அரங்குகளில் ஆண்டுக்கணக்கில் அனுபவம் பெற்று வந்தவர்களே.

கௌரவம் என்பது எத்தகையதாக இருக்க வேண்டும் என்பதை இந்த வரலாறு தெளிவாகவே எடுத்துரைக்கின்றது எனலாம். முதலாவதாக, அது காலம் தாழ்த்தாது வழங்கப்பட வேண்டும். கார்னகியின் குடும்பத்தினர் பெற்றுக்கொண்ட மரியாதையை அவரே பெற்றிருக்க வேண்டும். இரண்டாவதாக, அது ஆராய்ந்து வழங்கப்பட வேண்டும். பதவியின் உயரத்தைப் பார்த்து வழங்கப்படும் விருது, அதைப் பெற்றவர் வீழும்போது வழங்கிய நிறுவனத்தையும் சேர்த்தே வீழ்த்துகின்றது. மூன்றாவதாக, அது அடிமட்டம் வரை இறங்க வேண்டும். அரை நூற்றாண்டு காலம் செயலாளராக இருந்து சிறுவர்களின் பெயர்ப்பட்டியலை எழுதிய ஸ்மித்துக்கு இடமளித்தமை அந்த மண்டபத்துக்கே பெருமை சேர்த்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, விழா மேடையில் சூட்டப்படும் மாலையிலும் பார்க்க, போட்டி நடைபெறும் வேளையில் காட்டப்படும் மரியாதையே பெரிது. ஸ்டோரியைப் பதவி துறக்கச் செய்துவிட்டுப் பின்னர் அவரைப் புகழ் மண்டபத்தில் அமர்த்தியது போன்று, இன்று ஏசிவிட்டு நாளை பொன்னாடை போர்த்துவது கௌரவமாகாது. இது பனித்தரைக்கு மாத்திரம் உரிய உண்மையல்ல. எமது கிராமத்து மைதானங்களில் உதைபந்தாட்டத்துக்கும் கரப்பந்தாட்டத்துக்கும் விசில் ஊதிவிட்டு, சொந்தச் செலவில் பஸ் ஏறி வீடு திரும்புவோருக்கும் அது பொருந்தும். அவர்களுக்கென மண்டபம் கட்ட எம்மால் இயலாதிருக்கலாம். தீர்ப்பு எமக்குப் பாதகமாக அமையும் வேளையிலும் அவர்களைப் பெயர் சொல்லி மரியாதையுடன் அழைப்பது எவராலும் இயலக்கூடியதேயாகும்.